காட்டிக்கொடுத்தல் வேறு, சொல்லிக் காத்தல் வேறு: பல்கலைக்கழக வளாகங்களில் அச்சம் தரும் நடத்தையை எதிர்கொள்ளல்

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றோரும் பல்கலைக்கழக மாணவரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எமது பிள்ளைகளின் பல்கலைக்கழகக் கல்வி பற்றி நாம் கூடிப் பேசும்பொழுதெல்லாம் அனுமதி, புலமைப்பரிசில், எந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டு என்பவையே பேசுபொருளாக இருந்து வந்துள்ளன. இன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ள பொருள் அவற்றினின்றும் வேறானது. ஒரு மாணவனின் பேச்சும் போக்கும் உடனிருப்போருக்கு அச்சத்தைத் தரும்பொழுது அதனை எவ்வாறு எடைபோடுவது, யாரிடம் சொல்வது, சொன்னபின் என்ன நடக்கும் என்பதே அப்பொருள். எமது பிள்ளை அச்சப்படுபவராக இருக்கலாம்; அச்சத்துக்குக் காரணமானவராகவும் இருக்கலாம்; தவறேதும் செய்யாமலே பிறரின் ஐயத்துக்கு ஆளானவராகவும் இருக்கலாம். இம்மூன்று நிலைகளையும் மனத்திற்கொண்டே பேச விரும்புகின்றேன்.

2007 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் பிளாக்ஸ்பேர்க் என்னும் சிற்றூரிலுள்ள வேர்ஜினியா ரெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக்கொன்றான். அவர்களுள் 27 பேர் மாணவர், 5 பேர் ஆசிரியர். இறுதியில் தன்னையும் அவன் சுட்டுக்கொண்டான். காலை 7.15 மணியளவில் ஒரு மாணவர் விடுதியில் இருவர் கொல்லப்பட்டனர். அது தனிப்பட்ட உறவுப் பிணக்கினால் நிகழ்ந்த கொலையென்று காவற்றுறை கருதியது. வளாகத்தோருக்கு முதலாவது மின்னஞ்சல் அனுப்பப்பட்டது 9.26 மணிக்கு. 9.40 மணியளவில் நொறிஸ் மண்டபத்தின் வகுப்பறைகளில் மேலும் 30 பேர் கொல்லப்பட்டனர். அவ்வேளை அங்கு நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். தமிழ்நாட்டின் கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஊரொன்றில் பிறந்து, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்திலும் பயின்று, கால் நூற்றாண்டு காலம் அப்பல்கலைக்கழகத்தில் கற்பித்து, மாணவரின் அன்பைப் பெற்றிருந்தவர் அவர். அவரும் அவரது வகுப்பு மாணவர் பலரும் அந்த அறையிலேயே உயிரிழந்தனர்.

கொலையாளியின் பெயரை நான் இங்கு உச்சரிக்கப் போவதில்லை. ஆனால் அவனுடைய குடும்பத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஏனெனில் அது எமது குடும்பங்களைப் போன்ற ஒரு குடும்பம். பிள்ளைகளின் கல்விக்காகவே தென்கொரியாவை விட்டு 1992 இல் அமெரிக்கா வந்தவர்கள். அப்பொழுது அவனுக்கு எட்டு வயது. தாயும் தந்தையும் துணி வெளுக்கும் நிலையங்களில் நீண்ட நேரம் உழைத்தவர்கள். மகன் பேசமாட்டான், கேட்டாலும் ஓரிரு சொற்களில் விடை சொல்வான். "கூச்ச சுபாவம்" என்று சொல்லி விட்டுவிடாமல், அப்பெற்றோர் அவனை உளவளத்துணை நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். 1999 இல் கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்பாடசாலையில் படுகொலை நிகழ்ந்தபின், அதனைத் தானும் செய்ய விரும்புவதாக அவன் பாடசாலையில் எழுதியபொழுது, பாடசாலை குடும்பத்தாருக்கு அறிவித்தது. மருத்துவர் பார்த்தார், மருந்து கொடுக்கப்பட்டது, நிலைமை சீரடைந்தது. வாய் திறந்து பேச அஞ்சும் நோய் என்று கண்டறியப்பட்டு, உயர்பாடசாலையில் அவனுக்கெனத் தனியான கற்றல் ஏற்பாடுகளும் செய்யப்பட்டன. அதாவது, பாடசாலைக் காலத்தில் அந்தப் பிள்ளையைச் சுற்றி ஒரு வேலி இருந்தது. அவன் பட்டம் பெற்று வெளியேறினான்.

பிறகு அவன் பல்கலைக்கழகம் போனான். வீட்டுக்கு அருகே ஒரு சிறிய கல்லூரியே நன்று என்று பாடசாலை ஆலோசகர் சொன்னார், அவன் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குச் சென்றவை அவனது புள்ளிகள் மட்டுமே. அவனுக்கு என்ன உதவி தேவைப்பட்டது என்பதைப் பாடசாலை சொல்லவில்லை, பெற்றோர் சொல்லவில்லை, பல்கலைக்கழகம் கேட்கவுமில்லை. ஞாயிறு தோறும் பெற்றோர் தொலைபேசியில் அழைத்தார்கள். நலமென்றே அவன் சொன்னான். எத்தனை வீடுகளில் எமது ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி உரையாடல்கள் "சாப்பிட்டியா? படிக்கிறியா?" என்ற இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுகின்றன என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

2005 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நிகழ்ந்தவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கவிஞர் நிக்கி ஜியோவானி அங்கே பேராசிரியராக இருந்தார். அவருடைய வகுப்பில் இம்மாணவனின் எழுத்தும் நடத்தையும் பிற மாணவரை அச்சுறுத்தின. சிலர் வகுப்புக்கு வருவதையே நிறுத்தினர். அவனை அகற்றாவிடின் தாம் பதவி விலகுவதாக அவர் துறைத் தலைவருக்குத் தெரிவித்தார். துறைத் தலைவரான லூசிண்டா றோய் அவனைத் தனியே அழைத்துக் கற்பித்தார். மாணவர் நிருவாகம், உளவளத்துணை நிலையம், வளாகக் காவற்றுறை ஆகிய எல்லாவற்றுக்கும் தகவல் கொடுத்தார். வெளிப்படையான மிரட்டல் எதுவும் இல்லாத நிலையில் செய்யக்கூடியது அதிகமில்லை என்பதே அவருக்குக் கிடைத்த விடையாக இருந்தது. அதே காலத்தில், விரும்பத்தகாத செய்திகளை அனுப்புகிறான் என்று இரு மாணவியர் வெவ்வேறு நாட்களில் காவற்றுறையிடம் முறையிட்டனர். டிசம்பர் 13 ஆம் நாள் காவற்றுறை அவனை எச்சரித்துச் சென்றபின், தான் செத்துவிடலாம் என்ற பொருள்பட அறைத்தோழன் ஒருவனுக்கு அவன் செய்தி அனுப்பினான். அத்தோழன் அதனைக் காவற்றுறைக்குச் சொன்னான். இளையோர்களே, இதனைக் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த மாணவன் செய்தது மிகச் சரியான செயல். அந்த ஒரு தொலைபேசி அழைப்பினால்தான் அன்றிரவே உளநல ஆய்வு நடந்தது, மருத்துவமனையில் தங்கவைக்கப்பட்டான், மறுநாள் நீதி விசாரணையும் நடந்தது. உளநோய் காரணமாகத் தனக்குத் தானே ஆபத்தானவன் என்று தீர்மானிக்கப்பட்டு, வெளிநோயாளராகச் சிகிச்சை பெறும்படி பணிக்கப்பட்டான். அன்று பிற்பகலே வளாக உளவளத்துணை நிலையத்துக்குச் சென்றான். அதன் பின்னர் அங்கே திரும்பிச் செல்லவேயில்லை. ஏன் வரவில்லை என்று எவரும் தேடவுமில்லை. இவற்றுள் ஒன்றுகூடப் பெற்றோருக்கு அறிவிக்கப்படவில்லை. 2007 இன் தொடக்கத்தில் அவன் இரண்டு துப்பாக்கிகளை வாங்கினான். அந்த நீதிமன்றப் பணிப்பு அதனைத் தடுத்திருக்க வேண்டும். ஆயின் மாநிலத்தின் பதிவுமுறையில் வெளிநோயாளர் சிகிச்சைப் பணிப்புகள் சேர்க்கப்படாமையால் தடை எதுவும் ஏற்படவில்லை.

மாநில ஆளுநர் ரிம் கெயின் அமைத்த ஆய்வுக்குழு 2007 ஆகஸ்டில் தனது அறிக்கையை வெளியிட்டது. அதைப் படித்தவர்கள் அறிவர்: அங்கே தகவலுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. ஆங்கிலத்துறைக்கு ஒரு துண்டு தெரிந்திருந்தது; காவற்றுறைக்கு ஒரு துண்டு; விடுதி நிருவாகத்துக்கு ஒரு துண்டு; மருத்துவமனைக்கு ஒரு துண்டு; தொலைவிலிருந்த பெற்றோரிடம் மிகப் பெரிய துண்டு. ஒரே மேசையில் அவை ஒருபோதும் வைக்கப்படவில்லை. தமக்குத் தெரிந்திருந்தால் அவனை வீட்டுக்கு அழைத்துச் சென்று ஒரு பருவம் படிப்பை நிறுத்தியாவது சிகிச்சை அளித்திருப்போம் என்று பெற்றோர் அக்குழுவிடம் கூறினர்.

ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு நிருவாகம் சொன்ன விடை, தனியுரிமைச் சட்டம். ஃபேர்பா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் 1974 ஆம் ஆண்டின் சட்டம், மாணவரின் கல்விப் பதிவுகளை அவரது இசைவின்றி வெளியிடலாகாது என்கின்றது. உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்தவுடன் அந்த உரிமை பெற்றோரிடமிருந்து மாணவரிடம் போய்விடும். ஆனால் அச்சட்டத்தை அலுவலர்கள் அது சொல்வதைவிட இறுக்கமாக விளங்கிக்கொண்டிருந்தனர் என்பதை ஆய்வுக்குழு சுட்டிக்காட்டியது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ அவசர நிலை ஏற்படின் சொல்லலாம். வருமான வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்தவராகக் காட்டப்பட்ட மாணவராயின் பெற்றோருக்குச் சொல்லலாம். ஓர் ஆசிரியர் தம் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் சொல்வது பதிவுகளை வெளியிடுவதாகவே ஆகாது. 2008 டிசம்பரில் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் விதிகளைத் திருத்தி இவ்வவசர விலக்கைத் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டில் கனடாவின் ஒன்ராறியோ, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களின் தனியுரிமை ஆணையர்களும், உயிராபத்து உள்ள வேளையில் தகவல் சொல்வதற்குச் சட்டம் தடையாகாது என்று பல்கலைக்கழகங்களுக்கு வழிகாட்டி வெளியிட்டனர். இதில் பெற்றோர் அறியவேண்டிய நுட்பமொன்று உண்டு. தனியுரிமைச் சட்டம் பல்கலைக்கழகம் உங்களிடம் பேசுவதைத்தான் கட்டுப்படுத்துகின்றது. நீங்கள் பல்கலைக்கழகத்திடம் பேசுவதைக் கட்டுப்படுத்தவில்லை. "என் மகனைப் பற்றிக் கவலையாக இருக்கின்றது, நான் அறிந்தவை இவை" என்று நீங்கள் சொல்ல எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது. விடையாக அவர்கள் எதனையும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். அதனால் நீங்கள் சொன்னது வீணாகிவிடவில்லை.

இனி, எடைபோடுதல் பற்றி. இத்துறையில் அடிப்படையாகக் கொள்ளப்படும் ஆய்வொன்றை அமெரிக்க இரகசியச் சேவைப் பிரிவும் கல்வித் திணைக்களமும் இணைந்து 2002 இல் வெளியிட்டன. 1974 முதல் 2000 வரை பாடசாலைகளில் நிகழ்ந்த 37 தாக்குதல்களையும் அவற்றைச் செய்த 41 பேரையும் அது ஆராய்ந்தது. தாக்குதலாளிகளுக்கென ஒரு முகமோ, குடும்பப் பின்னணியோ, குணவார்ப்போ கிடையாது என்பது அதன் முதன்மையான முடிவுகளுள் ஒன்று. தனிமையில் இருப்பவன், கறுப்பு உடை அணிபவன், கொடூரமான கதை எழுதுபவன் என்று பட்டியல் போட்டால் ஆயிரமாயிரம் அப்பாவிகள் அகப்படுவரேயன்றி, ஆபத்தானவன் தப்பிவிடுவான். மறுபுறத்தில், 93 விழுக்காட்டினர் தாக்குதலுக்கு முன்னரே பிறர் கவலைகொள்ளும் வகையில் நடந்துகொண்டிருந்தனர். 81 விழுக்காடு நிகழ்வுகளில், நடக்கப்போவது குறித்துக் குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே ஏதோ தெரிந்திருந்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் ஒரு நண்பன், ஒரு வகுப்புத் தோழி, ஒரு சகோதரன். தாக்கப்படுவோரிடம் நேரே சென்று மிரட்டியவர்களோ மிகச் சிலர்.

ஆகவே, மிரட்டுவது வேறு, ஆபத்தாக இருப்பது வேறு என்பதை இத்துறையினர் வலியுறுத்துவர். எமது வீடுகளில் இதனை விளக்கத் தேவையில்லை. "இன்றைக்கு வீட்டுக்கு வா, உன்னைக் கொல்லுறன்" என்று சொல்லாத தமிழ்த் தாய் உண்டோ? அதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் காவற்றுறையை அழைத்ததில்லை. ஆனால் அதே சொற்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விடுதி அறைத்தோழனிடம் சொல்லும் எமது பிள்ளை பெரும் சிக்கலில் மாட்டிக்கொள்ளக்கூடும். மறுதலையாக, எவரையும் மிரட்டாத ஒருவன் மௌனமாக நாளும் இடமும் குறித்துக்கொண்டிருக்கக்கூடும். சொல்லை மட்டும் பார்த்தால் இரண்டிலும் தவறிவிடுவோம்.

வேர்ஜினியா மாநிலம் 2008 இல் சட்டமியற்றி, அரச பல்கலைக்கழகங்கள் அனைத்தும் அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் குழு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று ஆக்கியது. மாணவர் நலம், காவல், உளநலம், சட்டம் ஆகியவற்றைச் சேர்ந்தோர் ஒரே மேசையில் அமர்வர். அதே ஆண்டு பெப்ரவரியில் வட இலினொய் பல்கலைக்கழகத்தில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டபின் இலினொய் மாநிலமும் அவ்வாறே செய்தது. வேறு பல பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் வற்புறுத்தலின்றியே இத்தகைய குழுக்களை அமைத்துக்கொண்டன. பெயர்கள் வேறுபடும், சில இடங்களில் பராமரிப்புக் குழு என்பர், சில இடங்களில் நடத்தைத் தலையீட்டுக் குழு என்பர்.

அக்குழு என்ன கேட்கும்? இம்மாணவருக்கு என்ன மனக்குறை? அது பற்றி யாரிடமாவது பேசியிருக்கிறாரா? ஆயுதங்களிலும் முன்னைய தாக்குதல்களிலும் வழமைக்கு மாறான ஈடுபாடு உண்டா? திட்டமிடல் ஏதேனும் தெரிகின்றதா? வாழ்வில் நம்பிக்கை இழந்துவிட்டாரா? அவர் நம்பிப் பேசக்கூடிய பெரியவர் ஒருவராவது இருக்கிறாரா? அவரை அறிந்தவர்கள் அஞ்சுகிறார்களா? இனி என்ன நடந்தால் நிலைமை மோசமாகும், என்ன நடந்தால் தணியும்? இந்த இறுதிக் கேள்விதான் என் கணிப்பில் எல்லாவற்றினும் பெறுமதியானது. ஏனெனில் அதற்கான விடையிலிருந்தே செயல் பிறக்கின்றது: தேர்வை ஒத்திவைத்தல், விடுதி அறையை மாற்றல், கடன் பிரச்சினைக்கு வழி காட்டல், உளவளத்துணையாளரிடம் கூட்டிச் செல்லல், வாரத்துக்கொரு முறை ஒருவர் சந்தித்துப் பேசல். காவற்றுறை நடவடிக்கையும் இடைநிறுத்தமும் இவற்றால் ஆகாதபொழுது வருபவை.

இடைநிறுத்தம் ஒரு முடிவாகிவிடும் என்று நம்புவோர் அரிசோனாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்குள்ள பீமா சமூகக் கல்லூரி, வகுப்புகளில் குழப்பம் விளைவித்த மாணவன் ஒருவனை 2010 செப்டெம்பரில் இடைநிறுத்தி, உளநலச் சான்றிதழோடு வந்தால் மீளச் சேர்க்கலாம் என்றது. கல்லூரி தன் வளாகத்தைக் காத்துக்கொண்டது. அவனோ அதன் பின் எவருடைய பார்வையிலும் இல்லாதவனானான். 2011 ஜனவரி 8 ஆம் நாள் ரூசோன் நகரில், நாடாளுமன்ற உறுப்பினர் கப்ரியேல் கிஃபோர்ட்ஸ் மக்களைச் சந்தித்த இடத்தில் அவன் சுட்டதில் ஆறு பேர் இறந்தனர். கிஃபோர்ட்ஸ் தலையில் படுகாயமுற்றார்.

இப்பொழுது, எமது சமூகத்துக்கே உரித்தான ஒரு தடையைப் பற்றிப் பேச வேண்டும். அதனைப் பேசாமல் நான் மேற்சொன்னவை எல்லாம் வெறும் தகவல்களாகவே போய்விடும்.

காட்டிக்கொடுத்தல். இச்சொல்லை விடக் கொடிய பழிச்சொல் ஈழத்தமிழரின் வாழ்வில் வேறெதுவும் இருந்ததா? சுற்றிவளைப்பின்போது ஊரிலுள்ள இளைஞரை வரிசையாக நிறுத்தி, முகத்தை மூடிய ஒருவன் முன்னால் நடத்திச் சென்றதை இங்குள்ள பெரியவர்கள் பலர் அறிவர். அவன் தலையை அசைத்தால் அந்தப் பிள்ளை ஏற்றப்பட்டான். எங்கே, எதற்கு, எப்பொழுது திரும்புவான் என்ற கேள்விகளுக்கு விடையிருக்கவில்லை. தலையாட்டி என்ற சொல் எமது மொழியில் அப்படித்தான் புதுப் பொருள் கொண்டது. யாருடைய பெயரையும் யாரிடமும் சொல்லாதே என்று நாம் எமது பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்ததற்குக் காரணம் இருந்தது. அக்காரணத்தை நான் எள்ளளவும் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அந்தப் பாடத்தை எமது பிள்ளைகள் பிளாக்ஸ்பேர்க் போன்ற ஓர் ஊரின் விடுதி அறைக்குள்ளும் கொண்டு செல்கிறார்கள். அறைத்தோழன் இரவில் தூங்காமல் "எல்லாரும் ஒருநாள் பார்ப்பீர்கள்" என்று முணுமுணுக்கும்பொழுது, "எனக்கேன் வம்பு, நான் சொல்லப் போய் அவனது படிப்பு நின்றுவிட்டால்?" என்று வாய்மூடி இருக்கிறார்கள். அங்கே ஒரு தலையசைப்போடு பெயர் இருளுக்குள் போனது. இங்கே நீங்கள் சொல்லும் பெயர் ஒரு கோப்பாகின்றது. அதில் எழுதப்படுவதற்குப் பொறுப்பாளர் உண்டு. சொல்லப்பட்டவர் தன் பக்கத்தை எடுத்துரைக்கலாம், மேன்முறையீடு செய்யலாம். 2005 இல் அந்த அறைத்தோழன் சொன்னதனால் எவனும் காணாமற் போகவில்லை. ஒரு நோயாளிக்கு மருத்துவரின் கதவு திறந்தது. அதைப் பின்னர் மூடவிட்டவர்கள் வேறு ஆட்கள். சொல்லும்பொழுது தீர்ப்புச் சொல்லாதீர்கள். கண்டதை, கேட்டதை, நாளோடும் நேரத்தோடும் சொல்லுங்கள். "அவன் ஆபத்தானவன்" என்பது உங்கள் முடிவு. "செவ்வாய் இரவு இன்ன சொன்னான், இன்ன படத்தைக் காட்டினான்" என்பது குழுவுக்குப் பயன்படும் செய்தி. ஆயுதமோ உடனடி ஆபத்தோ கண்முன் இருந்தால் குழுவுக்கு எழுதிக்கொண்டிராமல் வட அமெரிக்காவில் 911 ஐ அழையுங்கள்.

இந்த அமைப்புகள் எப்பொழுதும் நீதியாக நடக்கும் என்று நான் உங்களுக்கு உறுதி கூற மாட்டேன். பிரித்தானியாவில் 2015 ஆம் ஆண்டின் பயங்கரவாத எதிர்ப்பு மற்றும் பாதுகாப்புச் சட்டம், தீவிரவாதத்தின்பால் ஈர்க்கப்படுவோரைக் கவனிக்கும் கடமையைப் பல்கலைக்கழகங்கள் மீதும் சுமத்தியபொழுது, அது முஸ்லிம் மாணவரைக் குறிவைக்கின்றது என்ற கண்டனம் எழுந்தது. எமக்கும் அந்த அச்சம் அந்நியமானதன்று. மே 18 அன்று நினைவேந்தல் செய்யும் மாணவி, முள்ளிவாய்க்கால் பற்றிக் கொதிப்போடு கவிதை எழுதும் மாணவன் ஆகியோர் துயரத்தையும் அரசியற் கருத்தையும் வெளிப்படுத்துகிறார்கள்; அது அச்சுறுத்தல் ஆகாது. பெரியவரின் கண்ணை நேரே பார்க்காமல் தலைகுனிந்து நிற்பது எமக்கு மரியாதை. அது மறைத்தல் என்று ஓர் அலுவலரால் வாசிக்கப்படலாம். ஆகவே உங்கள் பிள்ளை இத்தகைய குழுவின் முன் அழைக்கப்பட்டால், அழைப்பை உதாசீனம் செய்யவும் வேண்டாம், அஞ்சிப் படிப்பை விட்டு ஓடவும் வேண்டாம். என்ன சொல்லப்பட்டுள்ளது என்பதை எழுத்தில் கேளுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துவரலாமா என்று கேளுங்கள். தேவைப்படின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அமெரிக்காவில் மாணவ விசாவில் இருப்போர், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதியின்றிப் படிப்பிலிருந்து விலகினால் தங்கும் தகுதியையே இழக்க நேரிடும். எந்தத் தாளிலும் கையொப்பமிடுமுன் அவ்வலுவலகத்தோடு பேசுங்கள். எம்மைப் போன்ற அமைப்புகளுக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. எமது பிள்ளைகள் அதிகமாகப் பயிலும் பல்கலைக்கழகங்களிடம், இக்குழுவில் யார் யார் உள்ளனர், உளநல வல்லுநர் இருக்கிறாரா, காவற்றுறை மட்டுமே முடிவெடுக்கின்றதா, எமது பண்பாட்டை அறிந்த ஒருவரிடம் கருத்துக் கேட்கப்படுமா என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஆண்பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒருசேரச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. 1969 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில், இந்தியாவிலிருந்து படிக்கவந்த வங்காள மாணவர் ஒருவர், தம் காதலை ஏற்காத மாணவியைக் கொல்லப்போவதாகப் பல்கலைக்கழக உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவற்றுறைக்கு எழுதினார். அவர்கள் அம்மாணவரை விசாரித்துவிட்டு, தெளிவாகத்தான் பேசுகிறார் என்று விட்டுவிட்டனர். அந்தப் பெண்ணிடமோ அவளது பெற்றோரிடமோ எவரும் சொல்லவில்லை. ஒக்ரோபர் 27 அன்று அவள் கொல்லப்பட்டாள். தற்றியானா தறசோவ் என்ற அப்பெண்ணின் பெற்றோர் தொடுத்த வழக்கில் 1976 இல் கலிபோர்னிய உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஆபத்துக்குள்ளானவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்பதை நிலைநாட்டியது. இன்றும் சட்ட மாணவர் அதனைப் படிக்கின்றனர். எமது திரைப்படங்களில் பெண் மறுத்தபின்னும் பின்தொடர்பவனே கதாநாயகன். மூன்றாவது பாட்டில் அவள் மனம் மாறிவிடுவாள். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த மகனுக்கு, மறுப்புக்குப் பின் அனுப்பப்படும் ஒவ்வொரு செய்தியும் அச்சுறுத்தல் என்பதை வீட்டில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். மகளிடமோ, "நீ என்ன செய்தாய், அவன் பின்னால் வருவதற்கு?" என்று கேட்டுவிட்டால், அடுத்த முறை அவள் எமக்குச் சொல்லமாட்டாள். செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கும்படியும் பல்கலைக்கழகத்திடம் உடனே சொல்லும்படியும் கூறுங்கள்.

பெற்றோருக்கு இன்னும் சில. பாடசாலையில் உங்கள் பிள்ளைக்கு உளநல உதவியோ தனியான கற்றல் ஏற்பாடோ இருந்திருப்பின், பல்கலைக்கழகம் சேரும் கோடையிலேயே அங்குள்ள மாற்றுத்திறனாளர் சேவை அலுவலகத்தில் பதிவு செய்யும்படி பிள்ளையிடம் பேசுங்கள். அது புள்ளிப் பட்டியலோடு தானாகச் செல்வதில்லை. "கலியாணம் பேசும்போது வெளியே தெரிந்துவிடும்" என்று மறைப்போர் எம்மிடையே உண்டு என்பதை நான் அறிவேன். இப்பதிவு சந்தையில் ஒட்டப்படும் அறிவித்தல் ஆகாது. அவசர வேளையில் பல்கலைக்கழகம் உங்களோடு பேசுவதற்கான இசைவுப் படிவத்தில் முதல் வாரத்திலேயே பிள்ளை விரும்பிக் கையொப்பமிட்டால் மிக நன்று. வேறு நாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் தேவை. வரிக் கணக்கின் வழியாகக் கிடைக்கும் விலக்கு அவர்களது பெற்றோருக்குப் பொருந்தாது. அறைத்தோழர் ஒருவருடைய தொலைபேசி எண்ணையாவது வாங்கி வையுங்கள்.

இறுதியாக, பிறருக்குத் தீங்கு செய்ய நினைத்தோருள் பலர் முதலில் தம்மையே முடித்துக்கொள்ள நினைத்தவர்கள். 988 என்ற மூன்று இலக்கங்களை அழைத்தாலோ அதற்குக் குறுஞ்செய்தி அனுப்பினாலோ அமெரிக்காவில் 2022 ஜூலை முதலும், கனடாவில் 2023 நவம்பர் முதலும் எந்நேரமும் உதவி கிடைக்கின்றது. பிறருக்காகவும் அழைக்கலாம், "என் நண்பனைப் பற்றிக் கவலையாக இருக்கின்றது, என்ன செய்வது?" என்று கேட்கலாம். இளையோர்களே, கைத்தொலைபேசியை எடுத்து அந்த எண்ணை இப்பொழுதே பதிந்துகொள்ளுங்கள். அருகிலிருக்கும் அம்மாவின் தொலைபேசியிலும் பதிந்து கொடுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டுக் குழுவுக்கு எவ்வாறு அறிவிப்பது என்பதைத் தேடிப் பார்த்து, கிடைக்காவிடின் நிகழ்வு முடிந்ததும் என்னிடம் வாருங்கள், சேர்ந்து தேடுவோம்.

கேள்விகளுக்கு நேரம் விட்டுள்ளேன்.